நெஞ்சை அமுக்கினால் மட்டும் போதாது

பெறுநர்: ராமநாதபுரம் மாவட்ட நிர்வாகம், பொது சுகாதாரத் துறை, மீன்வளத் துறை அலுவலர்கள், இந்தக் கரையில் ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கும் பொதுமக்களுக்கும் அவசர சிகிச்சைப் பயிற்சி கொடுக்கும் அனைவரும்.

மதிப்பிற்குரிய அய்யா, அம்மா,

வணக்கம். கடலில் மூழ்கியவரைத் தூக்கிக் கரையில் போட்டதும் அவருக்கு முதலில் வேண்டியது மூச்சு. ஆனால் எங்கள் ஊர்களில் நடக்கும் முதலுதவி முகாம்கள் பலவற்றில் மூச்சுக் கொடுப்பது பற்றிப் பேச்சே வருவதில்லை. அதைப் பாடத்தின் முதல் வரியாக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் அரசுச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, இப்போது பேரப்பிள்ளைகளோடு இருப்பது எல்லாம் மீன்பிடி ஊர்களில்தான். 2008-ல் தமிழ்நாட்டில் 108 வண்டி ஓட ஆரம்பித்ததற்கு முன்னால் இங்கே அவசரம் என்றால் மீன் லாரியும் ஆட்டோவும்தான் என்பதைப் பார்த்த தலைமுறை. அதனால் அந்த வண்டியின் அருமை எனக்குத் தெரியும். அதில் அவசர சிகிச்சை கொடுக்க வரும் இஎம்டி பிள்ளைகள்மீது மரியாதையும் உண்டு. குறை சொல்வதற்காக எழுதவில்லை.

முகாம்களில் என்ன சொல்லித் தருகிறார்கள்? தரையில் பொம்மையைக் கிடத்தி, நெஞ்சின் நடுவே இரண்டு கையையும் கோர்த்து வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அமுக்கச் சொல்கிறார்கள். வாயோடு வாய் வைக்க வேண்டாம், ஆம்புலன்ஸ் வரும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தால் போதும் என்கிறார்கள். இது தவறான பாடம் இல்லை. 2017-ல் இந்திய ரிசசிட்டேஷன் கவுன்சில் பயிற்சி இல்லாத பொதுமக்களுக்காக வகுத்த முறையே அதுதான். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் அது உயிர் காக்கும். மாரடைப்பில் இதயம் திடீரென்று நிற்கிறது. அதுவரை நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர் என்பதால் ரத்தத்தில் இன்னும் சில நிமிடத்துக்குப் பிராணவாயு இருக்கும். அமுக்கினால் அந்த ரத்தம் மூளைக்குப் போய்ச் சேரும்.

மூழ்கியவர் கதை தலைகீழ். முதலில் மூச்சு நிற்கிறது. இதயம் இருக்கிற பிராணவாயுவையெல்லாம் செலவழித்துவிட்டு, மெல்ல மெல்லத் தளர்ந்து கடைசியில்தான் நிற்கிறது. அப்போது வெறுமனே நெஞ்சை அமுக்குவது எண்ணெய் தீர்ந்த விளக்கில் திரியைத் தூண்டுகிற மாதிரிதான். இன்னொன்றும் உண்டு. கரைக்கு இழுத்து வந்த நேரத்தில் மூச்சு நின்று, இதயம் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும் ஆட்கள் இருப்பார்கள். அந்த நிலையில் மூச்சு மட்டும் கொடுத்தாலே பிழைக்க வழி உண்டு. ஐரோப்பிய வழிகாட்டுதல் மூழ்கியவருக்கு முதலில் ஐந்து மூச்சு கொடுத்துவிட்டுத்தான் நெஞ்சில் கை வைக்கச் சொல்கிறது. 2024-ல் அமெரிக்க இதயச் சங்கமும் அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட திருத்தத்திலும், பயிற்சி பெற்றவர்கள் மூச்சில்தான் தொடங்க வேண்டும் என்கிறார்கள். அவர்கள் கணக்கு இரண்டு மூச்சு. ஐந்தா இரண்டா என்று நாம் சண்டை போட வேண்டாம். மூச்சு முதலில் என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கப்புறம் வழக்கமான 30 அமுக்கு, 2 மூச்சு. குழந்தை என்றால், பயிற்சி பெற்றவர்கள் இரண்டு பேர் இருந்தால், 15-க்கு 2.

தமிழகத்தில் மிக நீளமான கடற்கரை நம் மாவட்டத்துக்குத்தான். வடக்கே எஸ்.பி.பட்டினம், தொண்டி, நம்புதாளை, தேவிபட்டினம். கிழக்கே தனுஷ்கோடிவரை நீளும் தீவு. தெற்கே பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர், ரோச்மா நகர். இத்தனை ஊர்களிலும் பிள்ளைகள் நடக்கப் பழகுவதே தண்ணீர் ஓரம்தான். போதாததற்கு ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்திலும் சேதுக்கரையிலும் தேவிபட்டினத்திலும் கடலையே பார்த்திராத ஊர்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். 2017-ல் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை வந்த பிறகு சுற்றுலா வண்டிகளுக்குக் குறைவே இல்லை. இரண்டு கடலும் கூடுகிற அந்த இடத்தில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எப்படி இழுக்கும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும், கோயம்புத்தூரிலிருந்து வரும் பையனுக்கு எப்படித் தெரியும்? மலையடிவார ஊருக்கும் எங்களுக்கும் ஒரே பொம்மை, ஒரே பாடம் என்பது சரியா?

சரி, மூச்சு கொடுக்கச் சொல்லித் தராத இடத்தில் என்ன நடக்கிறது? பழைய வழக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவார்கள். குப்புறப் போட்டு முதுகில் ஏறி மிதிப்பார்கள். வயிற்றை அமுக்கி "தண்ணிய வெளிய எடு" என்பார்கள். அப்படி வெளியே வருவது பெரும்பாலும் நுரையீரல் தண்ணீர் இல்லை. வயிற்றில் கிடந்த தண்ணீரும் சோறும். அது தொண்டைக்கு வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் இருந்த கொஞ்ச வழியும் அடைபட்டுப் போகும். அமுக்குகிற நேரமெல்லாம் மூச்சில்லாமல் போகிற நேரம் என்பது தனி. இதை நான் எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவார்கள். ஆனால் ஆபத்து என்று வரும்போது கைக்கு எது பழக்கமோ அதைத்தான் கை செய்யும். வாயால் சொன்னால் பத்தாது, பொம்மையின் வாயில் மூச்சு ஊதும் மாஸ்க் வைத்து ஒவ்வொருவரையும் ஊதவைக்க வேண்டும். நெஞ்சு மேலே எழும்புவதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

நன்றாகத் தெரிந்தவர் கையில் இது எப்படி இருக்கும் என்று ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். பத்து வயதுப் பையன். வத்தைகள் (சின்னப் படகுகள்) கட்டிக் கிடக்கும் இடத்தில் குளித்துக்கொண்டிருந்தவனைத் தூக்கி வந்து மணலில் போட்டிருந்தார்கள். வண்டி தார்ச்சாலையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் சக்கரம் மணலில் புதையும். அந்த இஎம்டி பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கையும், வாயில் அடைத்ததை உறிஞ்சும் சக்‌ஷனையும் சின்ன சிலிண்டரையும் வண்டி ஓட்டும் பைலட்டும் அவளுமாகத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வந்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணே, எவ்வளவு நேரம் தண்ணிக்குள்ள கிடந்தான்?" அடுத்து, பையனை அலைக்கு இணையாகத் திருப்பிப் போட்டாள். கரைச் சரிவில் நெட்டுக்குத்தாகக் கிடந்தால் தலை மேலேயோ கீழேயோ போய்விடும். படகிலிருந்து ஒரு பலகையை எடுத்துவரச் சொல்லி அவன் முதுகுக்கடியில் நுழைத்தாள், ஏனென்றால் மணலில் கிடத்தி அமுக்கினால் நெஞ்சு இறங்குவதற்குப் பதில் உடம்பே மணலுக்குள் இறங்கும்.

வாயிலும் மூக்கிலும் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. கூடியிருந்தவர்கள் அதைத் துடைக்கச் சொல்லிக் கத்தினார்கள். அவள் துடைக்கவில்லை. அந்த நுரை வந்துகொண்டேதான் இருக்கும். துடைத்துக்கொண்டிருந்தால் மூச்சு கொடுக்க நேரம் கிடைக்காது. சிறுவர் அளவு மாஸ்க்கை எடுத்து, பைலட்டிடம் இரண்டு கையாலும் தாடையைத் தூக்கி மாஸ்க்கை முகத்தோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தான் பையை அமுக்கினாள். அதுவும் பதற்றமில்லாமல், நெஞ்சு லேசாக எழும்புகிற அளவுக்கு மட்டும். நடுவில் வாந்தி வந்தது. உடம்பை மொத்தமாக ஒருபக்கம் புரட்டி, சக்‌ஷன் போட்டு, மறுபடி மல்லாக்கப் போட்டு, மறுபடி மூச்சு. கழுத்தில் நாடி பார்த்தது பத்து விநாடிக்குள். பையன் இருமினான். அதற்கப்புறம் அவன் அழுத அழுகையை எங்கள் தெருவே கேட்டது.

அந்த வேலையில் பாதி அவளுடையது, பாதி பைலட்டுடையது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆம்பு பேக்கை ஒற்றை ஆளாகப் பிடித்து அமுக்குவது பார்க்கச் சுலபமாகத் தெரியும். ஈர முகத்தில், எண்ணெய் வழுக்கும் கன்னத்தில், தாடி மீசையில் மாஸ்க் ஒட்டாது. காற்று பக்கவாட்டில் கசியும். பெரியவர்களுக்கான பை ஒன்றரை லிட்டர் பிடிக்கும், ஆனால் ஒரு மூச்சுக்குத் தேவை அரை லிட்டர்தான். பதற்றத்தில் முழுப் பையையும் பிழிந்தால் காற்று வயிற்றுக்குள் போய், வயிறு உப்பி, வாந்தியாக வரும். நாடி இருந்து மூச்சு மட்டும் இல்லாத பெரியவருக்கு ஆறு விநாடிக்கு ஒரு மூச்சு போதும். அந்த ஆறு விநாடி காத்திருப்பதுதான் கஷ்டம். மனசுக்குள் எண்ணிக்கொள்ளப் பழக வேண்டும். வண்டி நகர்ந்துவிட்டால் பைலட் ஸ்டீயரிங்கில். பின்னால் இஎம்டி தனி ஆள். அமுக்கவும் வேண்டும், மூச்சும் கொடுக்க வேண்டும், வேகத்தடையில் விழாமல் நிற்கவும் வேண்டும். அதனால் முதல் சில நிமிட வேலையைக் கரையிலேயே, இரண்டு பேரும் சேர்ந்து, ஒழுங்காகச் செய்துவிட்டுக் கிளம்புவதே நல்லது. ஏற்றிக்கொண்டு பறந்தால்தான் வேலை செய்ததாக ஊரார் நினைக்கிறார்கள். வண்டியைக் கிளப்பச் சொல்லிக் கதவைத் தட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நெருக்கடியில் நிதானமாக நிற்கிற துணிச்சலும் பயிற்சியில் வர வேண்டியதுதான்.

தூரத்தையும் யோசித்துப் பாருங்கள். அரிச்சல்முனையிலிருந்து ராமேசுவரம் ஊருக்கே 20 கிலோமீட்டர் அளவு. ராமேசுவரத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் 55 கிலோமீட்டர். 2022-ல் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய ஆறுதல், மதுரைவரை ஓட வேண்டிய தேவை குறைந்திருக்கிறது. ஆனாலும் நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் ஆக்ஸிஜன் போகும்போது ஒன்றரை மணி நேரத்துக்கு 1350 லிட்டர் வேண்டும். முழுசாக நிரம்பிய பி டைப் சிலிண்டரில் இருப்பதே சுமார் 1500 லிட்டர்தான். கிளம்பும் முன் மீட்டரைப் பார்த்து மனக்கணக்குப் போடுவது இந்தக் கரையில் வேலை செய்கிறவருக்கு அடிப்படைப் பாடம். பல்ஸ் ஆக்ஸிமீட்டரை நம்பியும் ஏமாறக்கூடாது. ஈரமாகச் சில்லிட்டுப்போன விரலில் அது காட்டும் எண் சரியாக இருக்காது. ஆளைப் பார்க்க வேண்டும், உதட்டைப் பார்க்க வேண்டும், மூச்சை எண்ண வேண்டும்.

எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போறேன்" என்கிறவரையும் விடக்கூடாது. தண்ணீர் குடித்த நுரையீரல் சில மணி நேரம் கழித்து மோசமாகலாம். மூச்சுத் திணறல் வந்தவர், இருமல் நிற்காதவர், கொஞ்ச நேரமாவது நினைவு தப்பினவர் எல்லாரும் ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் இருந்தாக வேண்டும். எங்கள் ஆண்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது தனிக் கலை. அவர்களுடைய அம்மாவிடமோ மயினியிடமோ சொன்னால் காரியம் நடக்கும்.

அப்புறம் கடல் தரும் மற்ற காயங்கள். இங்கே இஎம்டியாக வருகிற பிள்ளை வேலூர்க்காரராக இருக்கலாம், தருமபுரிக்காரராக இருக்கலாம். சொறிமீனும் (ஜெல்லி மீன்) திருக்கையும் அவர் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் வந்திருக்கும். இங்கே அது அன்றாடம். பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு, விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறிக்கும்போது, ஓரா முள்ளோ திருக்கை முள்ளோ ஏறும். வலி சாதாரண வலி இல்லை, பிரசவம் பார்த்த பெண்களே துடிப்பார்கள். இந்த மீன் விஷங்கள் சூட்டுக்குச் செயலிழக்கும். பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி அளவில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை காலை வெந்நீரில் வைத்தால் வலி இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். சூட்டைப் பாதிப்பில்லாத காலில் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், வலியில் மரத்த கால் வெந்துபோவது தெரியாது. முள் நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ ஏறியிருந்தால் பிடுங்கவே கூடாது, அப்படியே அசையாமல் கட்டிக் கொண்டுபோக வேண்டும். சொறி பட்டால் மணலைப் போட்டுத் தேய்ப்பது இங்கே வழக்கம். தேய்க்கத் தேய்க்கத் தோலில் ஒட்டியிருக்கும் கொடுக்குகள் இன்னும் வெடிக்கும். நல்ல தண்ணீரும் வேண்டாம். கடல் தண்ணீரிலேயே அலசி, ஒட்டியிருப்பதைக் கிடுக்கியால் எடுத்துவிட வேண்டும்.

கடல் பாம்பு விஷயத்தில்தான் எனக்கு அதிகக் கவலை. வலையைப் பிரிக்கும்போது கடிக்கும். கடித்த இடத்தில் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. "சும்மா கீறிடுச்சு" என்று சொல்லி ஆள் வேலையைப் பார்ப்பார். அரை மணியோ சில மணி நேரமோ கழித்து உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலிக்கும், இமை சரியும், விழுங்க முடியாது, சிறுநீர் கறுத்துப் போகும். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் பாம்பு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. கடல் பாம்புக்கு அது வேலை செய்யாது. அதனால் ஊசி இருக்கிறதா என்று மட்டும் விசாரித்து வண்டியை ஓட்டக்கூடாது. செயற்கைச் சுவாசக் கருவியும் டயாலிசிஸும் உள்ள இடம் எது என்று கேட்டு, முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவிட்டு, வழியெல்லாம் மூச்சைக் கண்காணித்துக்கொண்டு போக வேண்டும். கடித்த கையை அசையாமல் கட்டுவது சரி. கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் கீறி விடுவதும் இங்கேயும் கூடாது. படகுக்காரரான சம்மாட்டிக்கும் படகை ஓட்டும் தண்டலுக்கும் இது தெரிந்தால், கரை சேரும் முன்னரே தகவல் வந்துவிடும்.

வாலிநோக்கம் உப்பளத்து வெயிலில் ஆள் மயங்கி, குழம்பிப் பேசினால் முதலில் அந்த இடத்திலேயே தண்ணீர் ஊற்றி, காற்று வீசி உடம்பைக் குளிரவைத்துவிட்டுத்தான் வண்டி. இது பரவலாகத் தெரிந்த விஷயம் என்பதால் இதோடு விடுகிறேன்.

இடம் சொல்வது இன்னொரு தொல்லை. "கடற்கரைக்கு வாங்க" என்றால் எந்தக் கடற்கரை? ஒரே ஊரில் வடகடலும் இருக்கும், தென்கடலும் இருக்கும். கரையோரம் கம்பம் நட்டு ஊர்ப் பெயரும் எண்ணும் எழுதிவைத்தால் வெளியூர்க்காரர்கூட "மூணாம் நம்பர் கம்பத்துக்கிட்ட" என்று சொல்லிவிடுவார். அதே கம்பத்தில் 108-க்குக் கீழே, கடலில் தவிக்கும் படகுகளுக்கான கடலோரக் காவல்படை எண் 1554-யும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-யும் எழுதுங்கள். ஒரு கேனில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். நீச்சல் தெரிந்தவன்கூட மூழ்குகிறவனை நெருங்கினால் சேர்ந்து போய்விடுவான், கயிற்றை எறிந்து இழுப்பதே பாதுகாப்பு. மீன் இறங்குதளத்துக்கு ஒரு பெட்டி: பெரியவர், சிறுவர் இருவருக்குமான மாஸ்க், ஒரு பலகை, ஒரு துண்டு. பெரிய செலவு ஒன்றுமில்லை. நோய் பயம் வந்து வாயோடு வாய் வைக்கத் தயங்குகிறவர்கள் மாஸ்க் இருந்தால் தயங்கமாட்டார்கள்.

பயிற்சிக்கு நேரமும் இடமும் பற்றி ஒரு யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஆண்கள் வலை பின்னிக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருப்பார்கள். மாவட்டத் தலைநகரில் குளிரூட்டிய அரங்கில் நடத்தாமல் அந்தக் கொட்டகைக்கே பொம்மையைக் கொண்டு வாருங்கள். அந்தந்த வட்டாரத்தில் ஓடும் ஆம்புலன்ஸின் இஎம்டியும் பைலட்டும் அதே மணலில், அதே ஆட்களோடு சேர்ந்து பழகட்டும். யாருக்குக் கை பலம், யார் பதறுவார், யார் நிதானம் என்று முன்பே தெரிந்திருந்தால் அவசரத்தில் "அண்ணே, நீங்க வந்து அமுக்குங்க" என்று பெயர் சொல்லிக் கூப்பிடலாம். பாசி எடுக்கும் பெண்களுக்கும், நாட்டுப்படகுக்காரர்களுக்கும் தடைக்காலத்திலும் தொழில் இருக்கும், அவர்களுக்கு மாலையில் தனியாக வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். தண்ணீரில் பக்கத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

எந்த ஊரில் தொடங்குவது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். ஊர்த் தலைவர்களிடமும் ஜமாத்திலும் பங்குச் சாமியாரிடமும் பேசி ஆட்களைக் கூட்டுவதை என்னைப் போல ஓய்வு பெற்ற செவிலியர்கள் பார்த்துக்கொள்கிறோம். வரும்போது பொம்மைகளில் இரண்டாவது குழந்தை அளவில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசுச் செவிலியர் ஒருவர்,
ராமேசுவரம் தீவு.